இருபத்து நான்கு கார்டுகளுக்கு ஒரே முகவரி

2025 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டி நிரம்பப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. சென்ற மாதம் இருபத்திரண்டு. பால் பாக்கெட் இரண்டு வாங்கி வைத்தேன். காமாட்சியம்மன் கோயில் வரை போய்த் திரும்ப நாற்பது நிமிட நடை. மூன்று இட்லி, தக்காளிச் சட்னி. எட்டரைக்குக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். விருப்ப ஓய்வு பெற்ற இந்தப் பதினான்கு மாதங்களில் என் நாட்குறிப்பின் பக்கங்கள் பெரும்பாலும் இப்படியே இருக்கின்றன. தேதியை மறைத்துவிட்டால் எது எந்த நாள் என்று எனக்கே தெரியாது.

ஒன்பது பத்துக்கு மின்னஞ்சலைத் திறந்தேன். நெட்வொர்க் டிரைவர்களை, அதாவது கணினியின் நெட்வொர்க் கார்டுகளை இயக்கும் நிரல்களை, பராமரிக்கும் ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. என் பழைய நிறுவனத்தில் நாங்கள் வேலை செய்தது திறந்த மூல இயங்குதளம் ஒன்றில். அதன் நிரல் எல்லோருக்கும் பொது. எந்த ஊரில் இருப்பவரும் திருத்தம் அனுப்பலாம். அதைப் பற்றிய கடிதங்களும் எல்லோரும் படிக்கும்படிதான் இருக்கும். வந்த கடிதத்தின் சாரம் இது: பழைய நெட்வொர்க் கார்டுகளுக்கான இந்த டிரைவரை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, அடுத்த பதிப்பில் நீக்கிவிடலாம் என்றிருக்கிறோம், பயன்படுத்துபவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நீக்கப்போகும் வரிகளை எழுதியவர்களுக்கும் சோதித்தவர்களுக்கும் இத்தகைய கடிதம் தானாகவே போகும். பெறுநர் வரிசையில் ஐந்து பெயர்கள். நான்காவது பரமசிவம், அது நான். ஐந்தாவது மல்லிகா, என் பழைய குழுத் தலைவர்.

பழைய அலுவலக முகவரியாக இல்லாமல் வேறொரு முகவரி இருந்தது. அதை அவர் மாற்றிப் பதிந்திருக்கிறார் என்றால் இன்னும் இந்த வேலையில்தான் இருக்கிறார். பதினேழு ஆண்டுகளில் அவரைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் செய்தி அதுதான்.

கீரையோடு வந்த என் மனைவி கற்பகம் பின்னால் நின்று பார்த்தாள்.

"இன்னாங்க, திரைக்குள்ளயே போயிடுவீங்க போல இருக்குது."

பெயரைக் காட்டினேன்.

"உங்களால ஊரை விட்டுப் போனாங்களே, அந்த மேடமா? எழுதிக்கிறாங்களா?"

"எழுதல. பேர் மட்டும் வந்திருக்குது."

"பேருக்கே இப்படியா" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆயப் போய்விட்டாள்.

எங்கள் நிறுவனத்தின் இளைய நண்பர்கள் ஆண்டு மலருக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தள்ளிப் போட்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. எழுதினால் இந்த டிரைவரைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பயன் என்று தோன்றியது. கடிதம் வந்துவிட்டதால் இனித் தள்ளிப் போட இடமில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் பிறந்தேன். அப்பா பட்டுக்குச் சாயம் போடுபவர். பி.எஸ்ஸி. இயற்பியல், பிறகு ஆறு மாதக் கணினிப் பயிற்சி, பிறகு எட்டு ஆண்டுகள் கணினி பழுது பார்த்தல். முப்பத்து மூன்றாம் வயதில், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மாடியில் இயங்கிய சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணினிகளில் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. கணினிகளை வாங்குபவர்கள் அவர்கள்; உள்ளே எந்தக் கார்டு இருக்கும் என்று எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. பல நேரம் இயங்குதளத்துக்கும் தெரியாது. "அறியப்படாத சாதனம்" என்று ஒரு வரி வரும், நெட்வொர்க் வராது.

ஒவ்வொரு கார்டுக்குள்ளும் இரண்டு எண்கள் பதிந்திருக்கும். தயாரித்தவருக்கு ஒன்று, சாதனத்துக்கு ஒன்று. தலா நான்கு இலக்கம். டிரைவருக்குள் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் உள்ள எண்களைக் கொண்ட கார்டை மட்டுமே அது தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். கார்டில் இருப்பது பழகிய சில்லாகவே இருந்தாலும், வேறொரு நிறுவனம் தன் எண்ணைப் போட்டு விற்றால் டிரைவர் திரும்பிப் பார்க்காது. அப்போது பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேலை அவ்வளவுதான்.

அது அவ்வளவு இல்லை என்பதை மல்லிகா மேடத்திடம்தான் கண்டேன். நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு குழுத் தலைவராக வந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். முதல் நாளே என்னைச் சார் என்று அழைத்தார், கடைசி நாள் வரை அதை மாற்றவில்லை. திரையில் நிரலைப் படிக்கும்போது ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்றை வரிக்கு அடியில் வைத்துப் பிடிப்பார். எண்களைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிப்பார். முன்னாலிருந்து படித்தால் எதிர்பார்ப்பதையே கண் பார்த்துவிடும் என்பார். நான் முடித்துவிட்டேன் என்று எதைச் சொன்னாலும் பாராட்டவும் மாட்டார், குறையும் சொல்ல மாட்டார்.

"அப்புறம்?" என்பார்.

அந்த ஒரு சொல்லுக்கு விடை தேடித்தான் நான் செய்ய மறந்த பாதி வேலைகளைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அவர் வந்ததும் நீளமான நோட்டு ஒன்று போட்டார். தேதி, சில்லின் மேல் அச்சிட்ட எழுத்து, இரு எண்கள், சோதித்த கார்டுகள் எத்தனை, ஓடிய நேரம், சோதித்தவர், சரிபார்த்தவர். கையில் இல்லாத கார்டுக்கு வரி எழுதக் கூடாது. குறைந்தது இரண்டு கார்டுகளை ஒரே நெட்வொர்க்கில் போட்டு, ஒரு பெரிய கோப்பை மாற்றி மாற்றி நான்கு மணி நேரம் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் போன கோப்பும் வந்த கோப்பும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் கையெழுத்து. பொதுவில் அனுப்பும் திருத்தத்தின் அடியிலும் அதே பெயர்கள் போகும்.

நான்கு மணி நேரம் என்பது எனக்கு முதலில் வீண் வேலையாகத்தான் பட்டது. தாமலில் ஒரு அலுவலகத்துக்கான கார்டு வந்தபோது ஒரு மணி நேரம் ஓடியதும் போதும் என்றேன். மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சாதம். மூடியில் பாதி எடுத்து என் பக்கம் நகர்த்தினார். இருவரும் விளக்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். கார்டின் பின்னால் பச்சை விளக்கு ஓயாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. மூன்று மணி இருபது நிமிடத்தில் அது நின்றது. அந்தச் சில்லின் புதிய பதிப்புக்கு வேறோர் அமைப்பு தேவைப்பட்டது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. மேடம் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்று நாள்களும் நோட்டில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் மாறி மாறி. என் வேலை நாள்களில் எதற்காவது திரும்பிப் போகலாம் என்று யாராவது சொன்னால் நான் தேர்ந்தெடுப்பது அந்த மூன்று நாள்களைத்தான்.

இனி அந்த இருபத்து நான்கு கார்டுகள்.

2008-இல் ஒரு பெண்கள் பள்ளியின் கணினி அறைக்கு இருபத்து நான்கு கணினிகள் வந்தன. கார்டுகள் தனியாக, ஒட்டிய பெட்டிகளில் இருந்தன. கொண்டுவந்தவர் மாதிரிக்கென்று ஒன்றை மட்டும் பிரித்து எங்களிடம் கொடுத்தார். மற்றவை நேராகப் பள்ளிக்குப் போகவிருந்தன. அன்று வியாழக்கிழமை. மேடம் அடுத்த நாளிலிருந்து மூன்று நாள் விடுப்பு. அவர் கிளம்புவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவசரம் யாரும் கொடுக்கவில்லை. அவர் விடுப்பிலிருந்து திரும்பியதும் கொடுத்திருக்கலாம். ஆனால் ஸ்கேலை வைத்து அவர் என் வரியைப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று நினைத்தேன்.

சில்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பழகிய சில்லுதான். எண்களைப் படித்தேன், பட்டியலில் வரி சேர்த்தேன், எங்களிடம் இருந்த வேறொரு கார்டோடு இணைத்து நான்கு மணி நேரம் ஓட்டினேன். ஒரு பிழை இல்லை. இரண்டாவது கார்டுக்காகப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம் என் அப்பாவின் காரணம். சாயத்தொட்டியிலிருந்து அவர் ஒரே ஒரு கழியை, அதாவது பட்டு நூல் சுருளை மட்டும்தான் எடுப்பார். பிழிந்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், நுனியை உலர்த்திப் பார்ப்பார். அது சரி என்றால் அந்தத் தொட்டியில் இறங்கிய அத்தனை கழியும் சரி. ஒரே தொட்டியில் போட்டவை ஒன்றுபோல் இருக்க வேண்டும், அதுதான் அந்தத் தொழிலின் நேர்மை. எங்கள் தெருவில் பிறந்த எவனும் ஒரு லாட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்க்கக் கேட்க மாட்டான். கேட்டால் தொழில் தெரியாதவன் என்பார்கள்.

நோட்டில் "சோதித்த கார்டுகள்" என்ற இடத்தில் 2 என்று எழுதினேன்.

மாலை ஐந்தேகாலுக்கு மேடம் வந்து உட்கார்ந்தார். ஸ்கேலை வைத்தார். எட்டு இலக்கங்களையும் கடைசியிலிருந்து படித்தார். நோட்டைப் பார்த்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மேடம்."

கையெழுத்துப் போட்டார். திருத்தம் பொதுவிலும் போய், இரண்டு வாரத்தில் ஏற்கப்பட்டது.

பள்ளியில் கார்டுகளை நானே பொருத்தினேன். யுபிஎஸ் இன்னும் வரவில்லை, ஆகவே ஒரு கணினியை ஓட்டி, நெட்வொர்க் வருகிறதா பார்த்து, அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். இருபத்து நான்கும் தனித்தனியாக நன்றாக வேலை செய்தன.

பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வு நாள் வந்தது; தேர்வு பத்து மணிக்கு. எட்டரைக்குக் கணினி ஆசிரியை போன் செய்தார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதும் நெட்வொர்க் வருவதும் போவதுமாக இருக்கிறது என்றார். நானும் மேடமும் போனபோது பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடம் எல்லாக் கணினிகளையும் அணைக்கச் சொன்னார். முதலாவதைப் போட்டார், நன்றாக இருந்தது. இரண்டாவதைப் போட்டதும் முதலாவது தடுமாறியது. முதல் கணினியில் கார்டின் முகவரியை வரவழைத்து, அந்தப் பன்னிரண்டு எழுத்துகளைத் தாளில் எழுதினார். இரண்டாவதிலும் எழுதினார். மூன்றாவதில் பாதி எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார்.

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனக்கென்று ஒரு முகவரி உண்டு. உலகில் இன்னொரு கார்டுக்கு அது இருக்கக் கூடாது. கார்டுகளைச் செய்தவர்கள் மாதிரிக் கார்டின் முகவரியையே எல்லாவற்றிலும் பதித்துவிட்டார்கள். ஒன்றைச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. இரண்டைச் சேர்த்துப் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அப்பாவின் தொட்டியில் எது நேர்மையோ அதுவே இங்கே பழுது.

"எல்லாத்துக்கும் ஒரே முகவரி" என்றார் மேடம். என்னைப் பார்க்கவில்லை.

பிறகு இருபத்து நான்கு துண்டுத் தாள்கள் கேட்டு வாங்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு புது முகவரி எழுதினார். எல்லாம் 02 என்று தொடங்கும். கையால் வைக்கும் முகவரிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட தொடக்கம் அது. அவர் எழுத எழுத நான் ஒவ்வொரு கணினியாகத் தட்டச்சு செய்தேன். பன்னிரண்டு பத்துக்குத் தேர்வு தொடங்கியது. காத்திருந்த பிள்ளைகளில் இரண்டு பேர் அழுதிருந்தார்கள். கண்காணிப்புக்கு வந்தவர் புகார் எழுதினார்.

திங்கட்கிழமை எங்கள் நிர்வாகம் விசாரணைக்கு அழைத்தது. அதற்கு முந்தைய சனிக்கிழமை மேடம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். விரல் அந்த 2-இன் மேல் இருந்தது.

"அந்த ரெண்டாவது கார்டு எங்க சார் இருக்குது?"

நான் அந்த 2-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று குறித்து வைக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

"சரி" என்றார். நோட்டை மூடினார்.

விசாரணையில் அவர் கொடுத்த அறிக்கை ஒரு பக்கம். சரிபார்த்தவர் என்ற முறையில் தவறு தன்னுடையது என்று இருந்தது. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். அவருக்குப் போகாது, அவர் திறமையானவர் என்றும் கணக்குப் போட்டேன். வேலை போகவில்லைதான். குழுத் தலைவர் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். அவரே கேட்டுக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

போவதற்கு முன் ஒரு வேலை மீதம் இருந்தது. டிரைவரில் ஒரு சோதனை சேர்த்தோம்: கார்டு அந்தப் பொது முகவரியைச் சொன்னால் நம்பாமல், புதிதாக ஒன்றைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வரிகள். எழுதியது நான். "இந்த முறை நான் சோதிக்கிறேன்" என்றார். சனியும் ஞாயிறும் பள்ளிக்குப் போய் இருபத்து நான்கையும் ஒன்றாகப் போட்டு நான்கு மணி நேரம் ஓட்டினார். அந்த ஒன்பது வரிகளுக்கு மேல் விளக்கமாக ஒரு குறிப்பு வேண்டும். அதை அவரே எழுதினார்: இந்தத் தயாரிப்பின் எல்லாக் கார்டுகளும் ஒரே முகவரியுடன் வருகின்றன, ஒன்றை மட்டும் சோதித்தால் இது தெரியாது. படிப்பவர்களுக்கு அது வெறும் தொழில்நுட்பக் குறிப்பு.

கடைசி நாள் வழக்கம்போல ஐந்தரைக்குப் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு நான் நூற்றுக்கும் மேற்பட்ட கார்டுகளைச் சேர்த்திருக்கிறேன். எப்போதும் இரண்டு, எப்போதும் நான்கு மணி நேரம். ஒவ்வொரு முறையும் முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு சில நொடிகள் எதற்கோ காத்திருப்பேன். எனக்குப் பின் வந்த தலைவர்கள் நல்லவர்கள், "சூப்பர் சார்" என்பார்கள். அத்துடன் வேலை முடிந்துவிடும். எனக்கு முடிந்த மாதிரியே இருக்காது.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எனக்கு வேண்டியிருந்தது என்னவென்றால், அந்த வரிகள் நீக்கப்படக் கூடாது. நீக்கினாலும் பழைய வரலாற்றில் எங்கள் பெயர்கள் இருக்கும். ஆனால் அங்கே யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஓடுகிற நிரலில் அவர் எழுதிய குறிப்பும் நான் எழுதிய வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினேழு ஆண்டுகளாக இருந்துவருகின்றன. எங்காவது ஒரு கார்டு ஓடிக்கொண்டிருந்தால் போதும்.

பள்ளி அந்தக் கணினிகளை ஏலம் விட்டபோது மூன்றை வாங்கியவர் தேவராஜ் என்று தெரியும். பிள்ளையார்பாளையத்தில் சேலை டிசைன்களைக் கணினியில் போட்டு, தறிக்கு வேண்டிய ஜக்கார்டு அட்டை குத்திக் கொடுக்கிறார். என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பதினொரு மணிக்குப் போய், அந்தப் பள்ளிக் கணினி இன்னும் ஓடுகிறதா என்று கேட்டேன்.

"அதுவா? ராஜா மாதிரி இருக்குதுபா" என்றார். "மத்த ரெண்டையும் பிரிச்சு இதுக்கே போட்டுட்டேன். எனக்கு முன்னாடி இது போகாது."

மேசையை நகர்த்திப் பின்னால் பார்த்தேன். கார்டு இருந்தது. ஒயர் இல்லை.

"ஒயரு எங்க?"

"எலி கடிச்சிட்டு நாலு வருஷமாச்சு. டிசைனைப் பென் டிரைவ்ல எடுத்துக்கினு வந்துடறாங்க. அதுக்கு எதுக்கு ஒயரு?"

கார்டின் வாயில் பட்டு நூல் தூசி பஞ்சுபோல் அடைத்திருந்தது. ஊதிச் சுத்தம் செய்து, நான் கொண்டுபோன ஒயரைப் போட்டு, என் மடிக்கணினியோடு இணைத்தேன். கணினியில் இருந்தது மிகப் பழைய பதிப்பு. ஆகவே புதிய பதிப்பைப் பென் டிரைவிலிருந்து ஓட்டினேன். பச்சை விளக்கு வந்தது. பதினொன்று இருபதிலிருந்து மூன்று இருபது வரை கோப்பை அனுப்பிக்கொண்டே இருந்தேன். பகலில் மின்சாரம் நிற்கவில்லை. தேவராஜ் சாப்பிட்டு வந்தார், ஒரு தூக்கம் போட்டு எழுந்தார், அப்போதும் நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். யாராவது பயன்படுத்தினால்தான் டிரைவர் இருக்கும் என்றேன்.

"அப்ப எழுதிடுபா. தேவராஜ் தினமும் இதுலதான் ஓட்டுறான்னு எழுதிடு. காஞ்சிபுரத்துக்கு வந்து எவன் பாக்கப் போறான்?"

"யாரும் வர மாட்டாங்க."

"பின்ன இன்னா?"

"டிரைவர எடுத்துட்டா உனக்கு எதனா கஷ்டமா?"

"எனக்கு இன்னா கஷ்டம்? அந்த ஓட்டைய வேணும்னா துணி வெச்சு அடைச்சிக்கிறேன்."

வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனதில் எழுதிப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு பயனர் இருக்கிறார், கார்டு நன்றாக இயங்குகிறது, நீக்க வேண்டாம். அதில் பாதி உண்மை. அந்தப் பாதியே போதும், யாரும் கேட்க மாட்டார்கள். மேடம் படிப்பார். பெறுநர் வரிசையில் இருக்கிறார், நிச்சயம் படிப்பார். படித்துவிட்டு நம்பவும் செய்வார். வீடு வந்து கால் கழுவும்போதுதான் அது உறைத்தது. அவர் நம்புவார் என்பதை வைத்துத்தான் நான் அன்று அந்த 2-ஐயும் எழுதினேன்.

நாலரைக்கு உட்கார்ந்து ஆறு மணிக்கு முடித்தேன். முதல் பத்தி: இன்று ஒரு கார்டு நான்கு மணி நேரம் பிழையில்லாமல் ஓடியது, சோதித்தது ஒன்று மட்டுமே, இதை அன்றாடம் பயன்படுத்துபவர் யாரையும் எனக்குத் தெரியாது, நீக்குவதில் மறுப்பு இல்லை. இரண்டாம் பத்தி: 2008-இல் இந்தக் கார்டைச் சேர்த்தபோது இரண்டைச் சோதித்ததாகப் பதிவு செய்தேன், சோதித்தது ஒன்று, சரிபார்த்தவருக்கு அது தெரியாது, அந்தத் தவறுக்கு அவர் பொறுப்பேற்றார், அது என்னுடையது.

அனுப்புவதற்கு முன் கற்பகத்துக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

"எல்லாரும் படிப்பாங்களா?"

"படிப்பாங்க."

"உங்க ஆபீஸ் பசங்களும்?"

"அவங்களும்தான்."

"ரெண்டு வரி எழுத பதினேழு வருஷம்" என்றாள். "அனுப்புங்க. அனுப்பிட்டு வந்து சாப்பிடுங்க."

ஆறு ஐந்துக்கு அனுப்பினேன்.

ஜூன் 18, புதன்கிழமை. ஐந்து இருபதுக்கே விழிப்பு வந்தது. மல்லிகா மேடத்தின் கடிதம் நான்கு ஐம்பத்திரண்டுக்கு வந்திருந்தது, எல்லோருக்குமாக. என் இரண்டாம் பத்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீக்குவதில் தனக்கும் மறுப்பில்லை என்றும், ஆனால் ஆதரிக்கப்படும் கார்டுகளின் விளக்கக் கோப்பில் இந்தக் கார்டின் எண் அப்படியே விடப்பட்டிருக்கிறது, அதையும் எடுக்க வேண்டும் என்றும் இருந்தது. கடைசி வரி: "பரமசிவம் சார் நேரம் இருந்தால் இதைச் செய்யலாம்." ஆங்கிலக் கடிதத்தின் நடுவே சார் என்பதை அப்படியே எழுதியிருந்தார்.

மோட்டார் போடவில்லை. முதல் வேலையாக அந்தக் கோப்பைத் திறந்தேன். அவர் சொன்ன இடத்தில் எண் இருந்தது. ஐம்பது வரி தள்ளி இன்னோர் இடத்திலும் இருந்தது. இரண்டையும் நீக்கினேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். சரிபார்த்தவர் என்ற இடத்தைக் காலியாக விட்டு அவருக்கு அனுப்பினேன்.